ஆஸ்திரேலியாவின் இனவாதத்தையும் பூர்வகுடி உரிமைகளையும் ஆராயும் முறை

காலனியாகத் தொடங்கிய ஒரு நாட்டில் இனவாதத்தை ஆராயப் புகும் மாணவர்கள் பெரும்பாலும் மனித மனத்திலிருந்து தொடங்குகிறார்கள். யார் யாரை வெறுத்தார்கள், என்ன சொல்லி இழிவுபடுத்தினார்கள், பள்ளியிலும் விளையாட்டு மைதானத்திலும் இன்று என்ன நடக்கிறது என்று சம்பவங்களைத் திரட்டுகிறார்கள். அவை உண்மையானவை, பதிவு செய்யப்பட வேண்டியவை. ஆயினும் ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை, சம்பவங்களை மட்டும் அடுக்கிச் செல்லும் ஆய்வு விஷயத்தின் விளிம்பிலேயே நின்றுவிடும். அங்கே இனவாதத்தின் அடித்தளம் நிலம். 1788 ஜனவரி 26 அன்று, 11 கப்பல்களில் வந்தவர்களின் தலைவராக ஆர்தர் பிலிப் சிட்னி குடாவில் கொடியேற்றியபோது, ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்துவந்த, 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிவந்த ஒரு கண்டத்தில், எவரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளாமலே ஓர் ஆட்சி நிறுவப்பட்டது. பின்னால் வந்த சட்டங்களும் வாரியங்களும் ஒதுக்கிடங்களும் அந்த முதல் செயலை நியாயப்படுத்தவும் நிர்வகிக்கவும் எழுந்தவை. ஆகவே நிலத்திலும் சட்டத்திலும் அரசுக் கோப்புகளிலும் ஆய்வைத் தொடங்குங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் முதல் அறிவுரை.

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவில் இனவாதம் என்ற ஒரே தலைப்பின் கீழ் இரு வேறு வரலாறுகள் வருகின்றன. ஒன்று, வெள்ளையர் அல்லாதவரை வெளியே நிறுத்திய வரலாறு. 1901ஆம் ஆண்டுக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வந்திறங்கியவருக்கு ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பகுதியை அதிகாரி வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். மொழியைத் தேர்ந்தெடுப்பவர் அதிகாரி என்பதால், எவரைத் திருப்பியனுப்ப விரும்பினாரோ அவருக்குத் தெரியாத மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லாமலேயே இனம் பார்த்து விலக்கிய இந்தத் தேர்வு 1958 வரை நீடித்தது; வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் எச்சங்கள் 1973இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டன. இந்த அநீதிக்கு மாற்று சமத்துவம்: எல்லோரையும் ஒரே அளவுகோலால் நடத்துவது. 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அந்த நோக்கில் வந்தது.

மற்றொன்று, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் நிலத்தையும் சட்டத்தையும் குழந்தைகளையும் எடுத்துக்கொண்ட வரலாறு. இதற்குச் சமத்துவம் மட்டும் விடையாகாது. பூர்வகுடி மக்கள் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று கேட்பதோடு, தாங்கள் தனித்தனி மக்களினங்கள் என்றும், தங்கள் நிலத்தைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் தாங்களே முடிவெடுக்கும் உரிமை ஒருபோதும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்றும் சொல்கிறார்கள். 2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை 144 வாக்குகளால் ஏற்றபோது எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளைப் பாருங்கள்: ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. நான்குமே பிரிட்டிஷ் குடியேற்றத்தால் உருவானவை. நான்குமே தனிமனித உரிமைகளைப் பெருமையோடு பேசுபவை. அவற்றைத் தயங்க வைத்தவை நிலமும் சுயநிர்ணயமும். ஆஸ்திரேலியா 2009இல் பிரகடனத்துக்கு ஆதரவு தெரிவித்தது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நிகழ்வையும் எழுதும்போது, அதில் எழுந்த கோரிக்கை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 1965இல் பூர்வகுடி மாணவரான சார்ல்ஸ் பெர்கின்ஸும் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்களும் பேருந்தில் நியூ சவுத் வேல்ஸின் ஊர்களுக்குச் சென்று, மோரீ நகர நீச்சல் குளத்தில் பூர்வகுடிக் குழந்தைகளை அனுமதிக்கக் கோரியது முதல் வகை. அடுத்த ஆண்டு வடக்குப் பிரதேசத்தின் வேவ் ஹில் மாட்டுப்பண்ணையில் நடந்ததை அவ்வளவு எளிதாக வகைப்படுத்த முடியாது. 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சி மக்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். பூர்வகுடிப் பண்ணைத் தொழிலாளருக்குச் சம ஊதியம் வழங்குவதை நடுவர் ஆணையம் 1968 டிசம்பர் வரை தள்ளிவைத்திருந்த காலம் அது. ஆகவே வெளியார் பலரும் அதைக் கூலிக்கான வேலைநிறுத்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அம்மக்கள் 1967இல் தங்கள் சொந்த நிலமான டாகுராகுவில் குடியமர்ந்து, அந்த நிலத்தைத் திருப்பித் தருமாறு ஆளுநர் நாயகத்துக்கு மனு அனுப்பினார்கள். 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் கஃப் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணை வார்த்து ஒரு பகுதியைக் குத்தகையாக ஒப்படைத்தார். மறு ஆண்டில் வடக்குப் பிரதேசத்துக்கான நில உரிமைச் சட்டம் வந்தது. கூலிப் போராட்டமாக மட்டும் இதைப் படித்தவர், குரிஞ்சி மக்கள் கேட்டதைப் பாதிதான் கேட்டிருக்கிறார்.

ஒரு நிலப்பகுதி, ஒரு சட்டம்

ஆய்வின் எல்லையைக் குறுக்குங்கள். “ஆஸ்திரேலிய அரசின் பூர்வகுடிக் கொள்கை” என்று 1967க்கு முன்பு ஒரே கொள்கை இருந்ததில்லை. மாநிலங்களில் வாழ்ந்த பூர்வகுடியினருக்காகத் தனிச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பு மத்திய அரசுக்கு வழங்கவில்லை. வடக்குப் பிரதேசம் மட்டும் 1911 முதல் மத்திய அரசின் கையில் இருந்தது. விக்டோரியாவின் சட்டம் 1869இலும், குவீன்ஸ்லாந்தின் சட்டம் 1897இலும், மேற்கு ஆஸ்திரேலியாவின் சட்டம் 1905இலும், நியூ சவுத் வேல்ஸின் சட்டம் 1909இலும் வந்தன. எல்லாவற்றிலும், பெயரிலோ நோக்கத்திலோ, பாதுகாப்பு என்பதே முன்னிறுத்தப்பட்டது. ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிரிவு பிரிவாகப் படியுங்கள். யார் பூர்வகுடி என்று தீர்மானிப்பது யார்? எதற்கெல்லாம் அனுமதி வேண்டும்? அனுமதி மறுக்கப்பட்டால் முறையிட இடம் உண்டா? கூலி யார் கையில் போய்ச் சேர்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் சட்டத்தின் வாசகத்திலிருந்தே விடை எழுதிப் பார்த்தால், எந்த முன்னுரையும் தராத தெளிவு கிடைக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியை, தாயும் தந்தையும் உயிரோடு இருந்தாலும், 16 வயது வரையிலான ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும் கலப்பினக் குழந்தைக்கும் சட்டப்படியான காப்பாளராக்கியது. பூர்வகுடி அல்லாத ஓர் ஆணைப் பூர்வகுடிப் பெண் மணக்க அந்த அதிகாரியின் எழுத்து அனுமதி தேவைப்பட்டது. 1915இல் அப்பதவிக்கு வந்த ஏ. ஓ. நெவில், கலப்பினத்தவரைத் தலைமுறை தலைமுறையாக வெள்ளையரோடு கலந்து கரைத்துவிடலாம் என்று வெளிப்படையாக வாதிட்டவர். 1937இல் கான்பராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு அந்த நோக்கையே தீர்மானமாக ஏற்றது. அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது வெறிபிடித்த மனிதரின் குரல் கேட்பதில்லை. அட்டவணைகளோடும் அக்கறையோடும் பேசும் நிர்வாகியின் குரலே கேட்கிறது. இதை மாணவர்கள் நிதானமாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். குவீன்ஸ்லாந்தில் இதே நிர்வாக நிதானத்தோடு தொழிலாளரின் கூலி அரசுக் கணக்குகளில் பிடித்துவைக்கப்பட்டது. அந்தத் திருடப்பட்ட கூலிக்காகத் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில் 2019இல்தான் மாநில அரசு 19 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது.

மக்களைக் குறிப்பிடும்போது கூடுமானவரை அந்தந்த மக்களின் பெயரையே எழுதுங்கள்: விராஜுரி, நூங்கார், யோல்ங்கு, வார்ல்பிரி. டாரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள். அவர்களைப் பெருநிலத்தின் பூர்வகுடிகளோடு சேர்த்து ஒரே சொல்லில் அடக்குவது பிழை.

மூல வாசகத்தைப் படியுங்கள்

இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் செய்திகளுக்கும் மூல ஆவணங்களுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. அதனால் சுருக்கங்களை நம்பி எழுதக் கூடாது. ஜேம்ஸ் குக்கிற்கு 1768இல் வழங்கப்பட்ட இரகசிய அறிவுறுத்தல், அங்குள்ள மக்களின் ஒப்புதலோடு பொருத்தமான இடங்களை மன்னரின் பெயரால் கைக்கொள்ளுமாறு கூறியது. 1770 ஆகஸ்ட் 22 அன்று அவர் எவருடைய ஒப்புதலும் இன்றிக் கிழக்குக் கரை முழுவதையும் உரிமை கோரினார். 1835இல் ஜான் பேட்மன் என்ற குடியேறி, இன்றைய மெல்பர்ன் பகுதி மக்களோடு தனியாக ஓர் ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தபோது, ஆளுநர் பர்க் அது செல்லாது என்றும் அந்த நிலம் அரசுக்கே உரியது என்றும் பிரகடனம் வெளியிட்டார். நிலம் எவருக்கும் சொந்தமில்லை என்பது அறியாமையில் பிறந்த கருத்தன்று, பேணிக் காக்கப்பட்ட நிலைப்பாடு என்பதற்கு இவ்விரு ஆவணங்களும் போதுமான சான்று.

1967 மே 27 அன்று நடந்த பொது வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூர்வகுடியினருக்கு அதுதான் குடியுரிமையும் வாக்குரிமையும் கொடுத்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை 1962இலேயே சட்டமாகிவிட்டது. மாநிலங்களில் கடைசியாகக் குவீன்ஸ்லாந்து 1965இல் வழங்கியது. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற சட்டநிலை 1949இல் தொடங்கியபோதே பூர்வகுடியினரும் அதில் அடங்கினார்கள். அப்படியானால் 90.77 விழுக்காட்டினர் ஆம் என்று வாக்களித்தது எதற்கு? அரசியலமைப்பின் பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டே மாற்றங்கள் தெரியும். மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடியினரைச் சேர்க்கக் கூடாது என்ற 127ஆம் பிரிவு நீக்கப்பட்டது. எந்த இனத்தவருக்கும் தனிச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்த 51ஆம் பிரிவின் 26ஆம் உட்பிரிவிலிருந்து, மாநிலங்களிலுள்ள பூர்வகுடியினரை விலக்கிய சொற்கள் எடுக்கப்பட்டன. இனம் பார்த்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் மறையவில்லை, பூர்வகுடியினருக்கும் விரிந்தது. அந்த அதிகாரத்தை அவர்களுக்குப் பாதகமாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி 1998இல் ஹிண்ட்மார்ஷ் தீவு வழக்கில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தும் முடிவான விடை பெறவில்லை. ஆஸ்திரேலியாவில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் இறுதி நீதிமன்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்தத் திருத்தத்தைச் சொல்லிவிட்டு மக்களின் நினைவைத் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃபெய்த் பேண்ட்லர் போன்ற செயற்பாட்டாளர்கள் பத்தாண்டுகள் கையெழுத்துத் திரட்டி, மேடையேறிப் பேசி ஈட்டிய வெற்றி அது. அந்த நாளில்தான் நாங்கள் குடிமக்களானோம் என்று முதியவர்கள் சொல்லும்போது, ஏட்டில் இருந்த குடியுரிமை அவர்களது அன்றாடத்தை ஏன் தொடவே இல்லை என்ற கேள்வி எழுகிறது. ஆராயப்பட வேண்டியது அதுதான்.

மாபோ தீர்ப்பும் அவ்வாறே. டாரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி கொய்கி மாபோவும் வேறு சிலரும் 1982இல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கையே அர்த்தமற்றதாக்கும் நோக்கில் குவீன்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தீவுகளில் இருந்திருக்கக்கூடிய உரிமைகளை எல்லாம் 1879 முதலே இல்லாதவையாக்கியது. 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு அது முரணானது என்று 1988இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. சமத்துவச் சட்டம் நில உரிமைக்குக் கவசமாக நின்ற அரிய தருணம் இது. இதற்கிடையே உண்மை நிலவரத்தைக் கண்டறியும் பொறுப்பு குவீன்ஸ்லாந்து நீதிபதி மொய்னிஹனிடம் வந்தது. 1989இல் அவர் மெர் தீவுக்கே சென்று அமர்ந்து சாட்சியம் கேட்டார்: எந்தத் தோட்டம் யாருடையது, எல்லை எங்கே ஓடுகிறது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, பிறருக்குரியதைத் தொடக் கூடாது என்ற மாலோ தெய்வத்தின் கட்டளை எவ்வாறு காக்கப்படுகிறது என்றெல்லாம். 1992 ஜூன் 3 அன்று வந்த தீர்ப்பில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், பிரிட்டிஷ் அரசுரிமை வந்தபின்னும் மெர் தீவினரான மெரியம் மக்களின் நில உரிமை நிலைத்திருக்கிறது என்று ஏற்றார்கள். மாபோ அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் ஜனவரியில் இறந்துவிட்டார். சுருக்கங்களில் காணக் கிடைக்காத ஒன்று உண்டு: குறிப்பிட்ட நிலத்துண்டுகளுக்கு அவர் தனிப்பட்ட முறையில் கோரிய உரிமையை மொய்னிஹன் ஏற்கவில்லை, உரிமை மெரியம் மக்களுக்கென்றே பொதுவாக அறிவிக்கப்பட்டது. வழக்குக்குப் பெயர் தந்த மனிதரின் சொந்தக் கோரிக்கை நிறைவேறாமலே நாட்டின் நிலச்சட்டம் மாறியிருக்கிறது.

தீர்ப்பு எதைக் கொடுக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அரசின் இறையாண்மையை அது கேள்விக்கு உட்படுத்தவில்லை. தனியாருக்கு முழுவுரிமையாக விற்கப்பட்ட நிலத்தில் பூர்வகுடி உரிமை அழிந்துவிட்டதாகவே அது கொண்டது. 1996இல் விக் தீர்ப்பு, மேய்ச்சல் குத்தகை நிலத்தில் பூர்வகுடி உரிமையும் சேர்ந்தே இருக்க முடியும் என்றது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த இடத்தைக் குறுக்கியது. அதே ஆண்டில் மர்ரி ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்களின் கோரிக்கையை விசாரித்த நீதிபதி, வரலாற்றின் அலை அவர்களுடைய உரிமையை அடித்துச் சென்றுவிட்டது என்று முடிவு செய்தார். அம்மக்களின் வாய்மொழிச் சாட்சியத்தைவிட, 19ஆம் நூற்றாண்டில் அங்கே நிலம் பிடித்த எட்வர்ட் கர் எழுதியவற்றுக்கு அவர் கூடுதல் எடை அளித்தார். 2002இல் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. எவரிடமிருந்து முதலிலும் முழுமையாகவும் நிலம் பறிக்கப்பட்டதோ அவருக்கே இந்தச் சட்டத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது, என் கருத்தில், இத்துறையில் கற்க வேண்டிய மிகக் கடினமான பாடம்.

கோப்புகளை எப்படிப் படிப்பது

தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்திலும் மாநிலக் காப்பகங்களிலும் பாதுகாவலர்களின் கடிதங்களும் காவல்துறை அறிக்கைகளும் உள்ளன. அவற்றைத் திறப்பதற்கு முன் ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆவணமும் நடந்ததைக் காட்டும் முன் அதை எழுதியவரின் தேவையைக் காட்டுகிறது.

கானிஸ்டன் படுகொலை இதற்கு நல்ல பயிற்சி. 1928 ஆகஸ்டில் மத்திய ஆஸ்திரேலியாவில் டிங்கோ நாய்களைப் பிடித்துவந்த ஒரு வெள்ளையர் கொல்லப்பட்டார். காவலர் ஜார்ஜ் மர்ரி தலைமையில் சென்ற குழுக்கள் அடுத்த சில வாரங்களில் வார்ல்பிரி, அன்மாட்யர், கேடிச் மக்களைச் சுட்டுக்கொன்றன. அரசு அமைத்த விசாரணைக் குழு 31 பேர் இறந்ததாகக் கணக்கிட்டு, சுட்டது நியாயமே என்று முடித்தது. அறிக்கையை மட்டும் படித்தால் அதில் ஒழுங்கும் தேதியும் எண்ணிக்கையும் இருக்கும். குழுவில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: மூவரில் ஒருவர் அப்பகுதியை ஆண்ட அரசுப் பிரதிநிதி கேவுட், அந்தக் காவலர் அவருடைய நிர்வாகத்தின் கீழ் இருந்தவர். மற்றொருவர் காவல்துறை ஆய்வாளர். இறந்தவர்களின் தரப்பில் வழக்கறிஞர் இல்லை. பிறகு அம்மக்களின் வாய்மொழி வரலாற்றை எடுத்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் நீர்நிலைகளையும் முகாம்களையும் அறிக்கையில் வரும் இடங்களோடு வரைபடத்தில் குறியுங்கள். அறிக்கையில் இல்லாத இடங்கள் வரும். இறந்தவர் தொகை உயரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை எறிந்துவிட வேண்டியதில்லை. எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன, விலகுமிடத்தில் மறைப்பதற்கு யாருக்குக் காரணம் இருந்தது என்று எழுதுவதுதான் ஆய்வு. 2018இல், 90ஆம் ஆண்டு நினைவு நாளில், வடக்குப் பிரதேசக் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

குடியேறிகள் தண்டிக்கப்பட்ட அரிய நிகழ்வு மையால் க்ரீக். 1838 ஜூனில் அங்கே குறைந்தது 28 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். விசாரணை நடந்ததால் அதற்கு விரிவான ஆவணம் உண்டு. அதன் பின்னர் கொலைகள் எழுத்தில் வராமல் கவனமாக மறைக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். குவீன்ஸ்லாந்துப் பூர்வகுடிக் காவல்படையின் அறிக்கைகளில் கூட்டம் கலைக்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். எத்தனை பேர் இறந்தார்கள் என்று இருக்காது. ஆகவே ஆவணம் இல்லை என்பதை நிகழ்வு இல்லை என்று கொள்ளாதீர்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லிண்டால் ரயனின் குழு தயாரித்த படுகொலை வரைபடம், ஆறு அல்லது அதற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட நிகழ்வுகளைச் சான்றின் வலிமையோடு தருகிறது. உங்கள் பகுதிக்கான தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

பூர்வகுடியினர் தாங்களே எழுதியவற்றுக்குச் சரிபாதி நேரம் ஒதுக்குங்கள். வில்லியம் கூப்பர் 1,814 கையெழுத்துகளோடு மன்னருக்கு எழுதிய மனு அரசின் கையில் சேர்ந்தும் மன்னருக்கு அனுப்பப்படவே இல்லை. 1938 ஜனவரி 26 அன்று, குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்த சிட்னியில், ஜாக் பேட்டனும் வில்லியம் ஃபெர்குசனும் கூப்பரும் அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூட்டம் நடத்தினார்கள். 1963இல் யிர்காலாவின் யோல்ங்கு மக்கள், தங்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் வருவதை எதிர்த்து, மரப்பட்டையில் தங்கள் குலச் சித்திரங்களைத் தீட்டி நடுவே தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் அவர்கள் தொடுத்த நில வழக்கில், அவர்களுக்குத் தெளிவான சட்டமுறை இருந்ததை 1971இல் நீதிபதி பிளாக்பர்ன் வியப்போடு ஏற்றுக்கொண்டார். அப்படியிருந்தும் அது பிரிட்டிஷ் சட்டம் அறிந்த சொத்துரிமை அன்று என்று கூறி வழக்கைத் தள்ளினார். மாபோவுக்கு முன் சட்டம் எங்கே நின்றது என்பதை அறிய அந்தத் தீர்ப்பைவிடச் சிறந்த ஆவணம் இல்லை.

எண்களைக் கையாளும்போது

வகுத்தி எது என்று கேட்காமல் எந்த விகிதத்தையும் எழுதாதீர்கள். காவலில் நிகழ்ந்த பூர்வகுடி மரணங்களை ஆராய 1987இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 99 மரணங்களை ஆராய்ந்து 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. காவலில் உள்ள பூர்வகுடியினர், காவலில் உள்ள மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் இறக்கவில்லை என்று அது கண்டது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இனவாதம் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அதே ஆணையத்தின் மையமான முடிவு அடுத்த வரியில் இருக்கிறது: பூர்வகுடியினர் காவலில் வைக்கப்படும் விகிதம் மிக மிக அதிகம்; அதனால்தான் இத்தனை மரணங்கள். காவலில் உள்ளோர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கதை, மக்கள்தொகையால் வகுத்தால் இன்னொரு கதை. 2021 கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடியினராக அல்லது டாரஸ் நீரிணைத் தீவினராகப் பதிவு செய்தோர் 8,12,728 பேர், நாட்டு மக்கள்தொகையில் 3.2 விழுக்காடு, வயதுவந்த சிறையாளிகளில் அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அந்த 8,12,728 என்ற எண்ணும் எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டியது. 2016க்கும் 2021க்கும் இடையே கால்பங்கு உயர்ந்திருப்பதற்குப் பிறப்பு மட்டும் காரணமன்று. முன்பு பதிவு செய்யாதவர்கள் பலர் இப்போது தங்களை அடையாளப்படுத்துகிறார்கள். பறிக்கப்பட்ட குழந்தைகள் பற்றிய 1997ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையே மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையிலான குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டனர் என்று மதிப்பிட்டது. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அளவு மாறியதால் அது வீச்சாகத் தரப்பட்டுள்ளது. மேற்கோள் காட்டும்போது ஒரு முனையை மட்டும் எடுக்காமல் வீச்சாகவே தாருங்கள்.

இன்றைய நிகழ்வுகள்

2020 மே 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியதற்குச் சான்று கொண்ட ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. இதை ஆராயும்போது நிறுவனத்தின் மனப்பான்மையோடு நின்றுவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு மாநிலப் பாரம்பரியச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் 2013இலேயே அனுமதி வழங்கப்பட்டிருந்தது. மறு ஆண்டில் அகழ்ந்தபோது அந்த இடத்தின் அருமை தெரியவந்தும், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பார்க்கச் சட்டத்தில் வழியில்லை. மேல்முறையீடு செய்யும் உரிமை நில உரிமையாளரான நிறுவனத்துக்கு இருந்தது. புட்டு குன்டி குர்ரமா, பினிகுரா மக்களுக்கு இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது என்பதுதான் அதன் கொடுமை. அதே போல 2007இல் வடக்குப் பிரதேசத்தில் அவசரத் தலையீடு என்ற பெயரில் வந்த நடவடிக்கைகளுக்காக இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் செயல்பாடு ஒதுக்கிவைக்கப்பட்டதையும், 2010இல்தான் அதை மீட்கும் சட்டம் வந்ததையும் படியுங்கள். மாபோ வழக்கில் மெரியம் மக்களைக் காத்த அதே சட்டம், வசதிக்கேற்ப நிறுத்திவைக்கக்கூடியதாகவும் இருந்திருக்கிறது.

2023 அக்டோபர் 14 அன்று, ‘குரல்’ என்ற பூர்வகுடியினரின் ஆலோசனை அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கும் முன்மொழிவை வாக்காளரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். எந்த மாநிலத்திலும் அது தேறவில்லை. அதை முழுவதும் இனவெறியின் வாக்கு என்று எழுதுவதும், இனத்துக்கு அதில் பங்கே இல்லை என்று எழுதுவதும் சோம்பேறித்தனம். பூர்வகுடிப் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட 2017ஆம் ஆண்டு உலுரு அறிக்கையிலிருந்து இந்தக் கோரிக்கை பிறந்ததையும், இறையாண்மையை முன்வைத்து இதை எதிர்த்த பூர்வகுடியினரும் இருந்ததையும் சேர்த்தே எழுத வேண்டும். எட்டு லட்சம் பேர் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பதே அவர்களைத் தனித்தனி மக்களாகப் பார்க்க மறுப்பதாகும்.

மக்களிடம் பேசுவதற்கு முன்

நேர்காணலை ஆய்வின் முதல் படியாக வைக்காதீர்கள். 1997ஆம் ஆண்டு அறிக்கைக்காக 535 பூர்வகுடியினர், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நாளையும் விடுதிகளில் பட்ட அடியையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாட்சியங்களில் பல அச்சிலேயே இருக்கும்போது, அவற்றைப் படிக்காமல் ஒரு முதியவரிடம் சென்று மீண்டும் முதலிலிருந்து சொல்லச் சொல்வது கொடுமை. அச்சில் உள்ளதைப் படித்த பின்னும் விடை கிடைக்காத கேள்வி எது என்று தெரிந்த பிறகே அணுகுங்கள்.

கான்பராவில் உள்ள பூர்வகுடி, டாரஸ் நீரிணைத் தீவினர் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு நெறிக்கோவை, சுயநிர்ணயத்தையும் பூர்வகுடித் தலைமையையும் அடிப்படையாகக் கொண்டது. பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. அந்தந்த நிலத்தின் மக்கள் அமைப்பு இந்த ஆய்வை விரும்புகிறதா, கேள்விகளை மாற்றச் சொல்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் குடும்பத்தின் அனுமதியின்றி ஏற்கப்படுவதில்லை. ஆகவே கட்டுரையின் தொடக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பு வைப்பதோடு, பழைய புகைப்படங்களைச் சேர்க்கும் முன் உரியவரிடம் கேளுங்கள். ஆண்களுக்கு மட்டுமோ பெண்களுக்கு மட்டுமோ உரிய அறிவு உங்கள் காதில் விழ நேர்ந்தால் அதை எழுதாதீர்கள். காப்பகத்தில் யாரோ முன்பே எழுதிவைத்திருந்தாலும் மறுபடி அச்சிட அது அனுமதியாகாது.

பேசுபவரின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். ஒலிப்பதிவின் மூலப்பிரதி யாரிடம் இருக்கும், எழுத்துப்படியை அவர் திருத்தலாமா, பின்னொரு நாளில் தம் சொற்களைத் திரும்பப் பெற விரும்பினால் என்ன செய்வது, வெளியாவதற்கு முன் யார் படித்துப் பார்ப்பார்கள், அச்சான பிரதி எந்த அமைப்புக்குப் போய்ச் சேரும் என்பனவற்றை எல்லாம் அவரோடு அமர்ந்து பேசி, எழுத்தில் முடித்துக்கொண்ட பிறகே பதிவுக் கருவியை இயக்குங்கள்.